ஏழு தண்ணீர்



உங்கள் வீட்டுச் சன்னல் கம்பிக்கு வெளியே, ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சோற்றுக்கற்றாழை வளர்கிறதா? மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் பிழைக்க வந்த நம்மவர் வீடுகள் பலவற்றில் இந்தச் செடியை நான் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போகும். மல்லிகைக் கொடி வாடிப்போகும். கற்றாழை மட்டும் பட்டுப்போவதில்லை. ஒரு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பினாலும், தண்ணீர் இல்லாமலே நமக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செடி உங்கள் வீட்டில் இருக்குமானால், அதன் மடலை ஒடித்துச் சாறெடுத்துக் குடிக்கும்படி யாராவது உங்களுக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். அதைச் சுத்தம் செய்து உண்ணும் முறையை நானும் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன், அதை எப்படி உண்ணக்கூடாது என்பதை என் சொந்த வீட்டில் நடந்த காரியத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். நான் மூடி வைத்தது இன்னொரு குடும்பத்துக்குத் தீங்காக முடியலாம் என்று உணர்ந்ததினால் இப்போது எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

ஒரு டம்ளர் பச்சைச் சாறு

அது 2006ஆம் ஆண்டு, மே மாதம். நாங்கள் அப்போது மும்பை தாராவியில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்துவந்தார். அதற்கு முந்தின ஆண்டிலேயே அவருடைய இருதயம் பலவீனமாயிருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் இரண்டு கால்களும் வீங்கிவிடும். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரையும், இருதயத்தைப் பலப்படுத்த டிகாக்ஸின் என்னும் ஒரு சிறிய மாத்திரையும் தினந்தோறும் சாப்பிட்டு வந்தார். தண்ணீரையும் அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவருக்கு மலச்சிக்கல் ஏற்பட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு நாளைக்கு ஒருமுறை என்று மிகவும் கஷ்டப்பட்டார்.

எங்கள் சந்தில் இருந்த ஒரு சகோதரி, "அக்கா, அண்ணனுக்குக் கற்றாழைச் சாறு கொடுத்துப் பாருங்கள். வயிறும் சுத்தமாகும், வீக்கமும் வடியும். இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்றார்கள். அன்பினாலே சொன்ன வார்த்தை அது. அந்தச் சகோதரியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் சொன்னது பாதி. மீதியைக் கேட்டறிந்துகொள்ளாதது என் தவறு.

தாராவியின் தண்ணீர்க் கஷ்டம் தெரியாதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்; ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். அதற்குள் இரண்டு டிரம் நிரப்பினால்தான் அன்றையச் சமையல், குளியல், துணி எல்லாம் நடக்கும். அரிசி களைந்த தண்ணீரைக்கூடப் பாத்திரம் துலக்க எடுத்து வைப்பேன். எங்கள் ஊரில், சாத்தான்குளத்துப் பக்கத்துச் செம்மண் தேரியில், என் மாமியார் கற்றாழையைச் சட்டி சட்டியாகத் தண்ணீர் மாற்றிக் கழுவுவதைப் புதுப்பெண்ணாயிருந்தபோது பார்த்திருக்கிறேன். "கிழவிகளுக்கு வேறு வேலையில்லை" என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டதும் உண்டு. அந்த வேலையைச் செய்ய என்னிடம் தண்ணீரும் இல்லை, நேரமும் இல்லை என்று தீர்மானித்தேன்.

ஆகவே மடலை வெளிப்புறமாக ஒருமுறை அலம்பினேன். முள்ளைச் சீவினேன். சத்தெல்லாம் தோலில்தான் இருக்கும் என்று எண்ணித் தோலோடு துண்டாக்கி மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, உப்புப் போட்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தேன். வாயில் வைத்ததும் அவருடைய முகம் கோணிப்போயிற்று. "கசந்தால்தான் மருந்து" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தக் கசப்புதான் எச்சரிக்கை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இரண்டாம் நாளே வயிறு இளகியது. எங்களுக்கு மிகுந்த சந்தோஷம். ஒன்பது நாள் விடாமல் கொடுத்தேன். நாளொன்றுக்கு நான்கு முறை, ஐந்து முறை போகத் தொடங்கினார். கழிவெல்லாம் வெளியேறுகிறது என்று நினைத்தோம். கால் வீக்கமும் வடிந்தது. கெண்டைக்காலில் இரவெல்லாம் குரக்களி இழுத்தது. பட்டறையில் உட்கார்ந்தே வேலை செய்கிற அலுப்பு என்றோம். சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறது என்றார், வெயில் என்றோம். எட்டாம் நாள் இரவு, "விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது" என்றார். அதற்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பத்தாம் நாள் விடியற்காலையில், பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

இரண்டு முறை "இல்லை" என்றேன்

மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவைகளைத் தவிர வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார். "இல்லை" என்றேன். அப்போது நான் பொய் சொல்லவில்லை. கற்றாழையை மருந்து என்று என் மனம் எண்ணவேயில்லை.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் என்னும் உப்பு 2.5 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. 3.5க்குக் குறையாமல் இருக்க வேண்டிய உப்பு அது. அது குறைந்தால் தசைகள் தளரும். இருதயம் தாளம் தவறித் துடிக்கும். நீர் மாத்திரையின் அளவு அவருக்கு அதிகமாகிவிட்டதோ என்று மருத்துவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அந்தப் பெண் மருத்துவர் மறுபடியும் வந்து, "பேதிக்கு ஏதாவது? நாட்டு மருந்து, மூலிகை?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் என் நெஞ்சு திடுக்கிட்டது. மிக்ஸியும் பச்சைச் சாறும் கண்முன் வந்தன. ஆனால் கட்டிலின் பக்கத்தில் என் கணவரின் அண்ணன் நின்றார்; பட்டறைக்காரர்கள் நின்றார்கள். என் கையாலே என் புருஷனுக்குத் தீங்கு செய்தேன் என்று அத்தனை பேர் முன்னிலையில் எப்படிச் சொல்வேன்? "இல்லை" என்றேன். இது அறிந்து சொன்ன பொய்.

இரவு மருத்துவமனைக்கு எதிரே இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து ஊருக்குப் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தையைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். மகனுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டபோது, அவர்களிடம் என்னால் மறைக்க முடியவில்லை. கற்றாழைச் சாறு கொடுத்தேன் என்றேன்.

"எத்தனை தண்ணி விட்ட பிள்ளே?"

எனக்குப் புரியவில்லை.

"ஏழு தண்ணி விட்டியா? மஞ்சப் பாலை வடியவிட்டியா?"

"தோலோட அரைச்சேன் அத்தை."

சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பின்பு அத்தை சொன்னார்கள்: "இப்பவே போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லு. உன் வெட்கத்துக்கு என் மகன் விலை கொடுக்க வேண்டாம்."

ஓடினேன். மருத்துவரைத் தேடிக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எத்தனை நாள், எவ்வளவு, தோலோடா என்று கேட்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். இருதயத் துடிப்பைக் காட்டும் கருவியைப் பொருத்தி, நரம்பின் வழியே பொட்டாசியத்தை மெதுவாக ஏற்றினார்கள். ஏழாம் நாள் நாங்கள் வீடு திரும்பினோம்.

போகும்போது அந்த மருத்துவர் எனக்கு விளங்கும்படி சொன்னார்: "நீர் மாத்திரை உடம்பிலிருந்து பொட்டாசியத்தை இழுக்கிறது. கற்றாழைப் பால் உண்டாக்கும் பேதியும் அதையே இழுக்கிறது. பொட்டாசியம் குறைந்த உடம்பில், நன்மை செய்ய வேண்டிய டிகாக்ஸின் விஷமாக மாறுகிறது." குமட்டலும், விளக்கைச் சுற்றித் தெரிந்த மஞ்சளும் அந்த விஷத்தின் அடையாளங்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

ஒரே மடலில் இரண்டு பொருள்கள்

பிரியமானவர்களே, கற்றாழை மடலை ஒருமுறை குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே பச்சைத் தோல். உள்ளே கண்ணாடியைப் போன்ற சோறு. இந்த இரண்டுக்கும் நடுவே, தோலை ஒட்டினாற்போல், மஞ்சள் நிறப் பால் கசியும். இந்த மூன்றையும் பிரித்து அறிவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

உள்ளேயிருக்கும் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் வழவழப்பைக் கொடுக்கும் சர்க்கரைச் சங்கிலிப் பொருள்களும் சிறிதளவு தாது உப்புகளும் உண்டு. சோற்றுக்குத் தனியே கசப்பு கிடையாது. மஞ்சள் பாலிலோ அலோயின் என்னும் கடும் கசப்புப் பொருள் இருக்கிறது. அது பெருங்குடலைத் தூண்டித் தள்ளும் பேதி மருந்து. அந்தப் பாலை வற்றவைத்துக் கட்டியாக்கினால் வருவதுதான் நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் என்றும் கரியபோளம் என்றும் விற்கப்படும் கறுப்புக் கட்டி. ஊரில் அடிபட்ட வீக்கத்துக்கு இதைக் குழைத்துப் பற்றுப் போடுவார்கள்.

கரியபோளம் என்ற பெயரைக் கேட்டவுடன் யோவான் சுவிசேஷம் 19ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமு கொண்டுவந்த சுகந்தவர்க்கம் உங்கள் நினைவுக்கு வரும். "வேதத்தில் சொல்லப்பட்ட மூலிகை" என்று சொல்லிக் கற்றாழையை விற்கிறவர்களும் உண்டு. அங்கே சொல்லப்பட்டது அடக்கத்துக்கான வாசனைப் பொருள். குடிக்கிற பானம் அல்ல. வேதத்தில் அந்தப் பெயரால் வரும் வாசனைப் பொருள் அகில் மரத்தைச் சேர்ந்தது என்று வேத ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகையால் பெயர் ஒற்றுமையை நம்பி யாரும் ஒரு டம்ளரைக் கையில் எடுக்க வேண்டாம்.

கற்றாழைப் பாலைப் பற்றி உலகம் பின்னும் அறிந்துகொண்டது. அமெரிக்க அரசு 2002ஆம் ஆண்டிலேயே, கடையில் தாராளமாக விற்கப்படும் பேதி மருந்துகளிலிருந்து கற்றாழையை நீக்கிவிட்டது. அது பாதுகாப்பானது என்பதற்குப் போதுமான சான்றுகளை உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மஞ்சள் பால் நீக்கப்படாத முழு மடல் சாற்றை எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் குடிநீரில் கொடுத்தபோது, அவைகளின் பெருங்குடலில் கட்டிகள் உண்டானதை வெளியிட்டார்கள். அதன்பின் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, முழு மடல் சாற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் நான் மிக்ஸியில் அரைத்தது அந்த முழு மடலையேதான் என்பதை எண்ணும்போது இன்றும் என் உடல் நடுங்குகிறது.

அத்தை கற்றுக்கொடுத்த முறை

அந்த ஜூன் மாதத்தில் அத்தை நாகர்கோவில் வண்டியில் ஏறி மும்பைக்கு வந்தார்கள். மகனைத் தடவிப் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், தொட்டியிலிருந்து ஒரு மடலை அறுத்துக்கொண்டு வந்து, "இங்க வந்து உக்காரு" என்றார்கள். அன்று நான் கற்றுக்கொண்டதைப் பின்னர் வாசித்து அறிந்தவைகளோடு சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

1. செடியை முதலாவது அடையாளம் காணுங்கள். சோற்றுக்கற்றாழையை மராத்தியில் கோர்ஃபட் என்றும், இந்தியில் க்வார்பாட்டா என்றும் சொல்வார்கள். மடல் சதைப்பற்றாயிருக்கும், ஓரத்தில் சிறு முட்கள் இருக்கும். ரயில் பாதை ஓரங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்து, மடல் நுனியில் ஊசிபோன்ற ஒரு கறுப்பு முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழை வேறு இனம். அது நார் எடுக்க உதவும். அதன் சாறு பட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும். அழகுக்காக விற்கப்படும் கற்றாழை வகைகளையும் வாயில் வைக்கக்கூடாது. நிச்சயமில்லாத செடியை விட்டுவிடுங்கள்.

2. நன்றாக முற்றிய செடியின் அடிப்புறத்திலுள்ள தடித்த மடல் ஒன்றை எடுங்கள். சாலை ஓரத்திலும் சாக்கடை ஓரத்திலும் வளர்வது வேண்டாம். பூச்சிமருந்து அடித்ததும் வேண்டாம்.

3. மடலைக் கழுவிவிட்டு, வெள்ளையாயிருக்கும் அடிப்பகுதியை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். 15 நிமிடமாவது இருக்கட்டும். மஞ்சள் பால் தானாக வடியும். அதைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தையும் கழுவுங்கள். குழந்தைகள் அதைத் தொட்டு நக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. இரு ஓரத்து முட்களையும் நீளவாக்கில் சீவுங்கள். பிறகு தோலைச் சீவும்போது கஞ்சத்தனம் வேண்டாம். மெலிதாகச் சீவினால் பால் இருக்கும் படலம் சோற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பச்சையோ மஞ்சளோ ஒரு கோடுகூடத் தெரியாதபடி, தடிப்பாகச் சீவி எறியுங்கள்.

5. கத்தியையும் பலகையையும் கையையும் கழுவிய பின்பே சோற்றை வெட்டுங்கள். பால் பட்ட கத்தியாலே வெட்டினால் கசப்பு மறுபடியும் ஏறிவிடும். இதை அநேகர் கவனிப்பதில்லை.

6. சிறு துண்டுகளாக்கி, ஒரு சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி ஏழு முறை செய்யுங்கள். வழவழப்பு முழுவதும் போக வேண்டும் என்பதில்லை. வழவழப்பு சோற்றின் இயல்பு. மஞ்சள் நிறமும் கசப்பும்தான் போக வேண்டும்.

7. கடைசியாக ஒரு சிறு துண்டை நுனி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மறுபடியும் அலசுங்கள். பின்னும் கசந்தால் எறிந்துவிடுங்கள். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். தேனும் வெல்லமும் போட்டுக் கசப்பை மறைக்கவும் வேண்டாம். மறைத்தாலும் உள்ளே போவது அதுதான்.

அத்தை ஏழாவது தண்ணீரைக் கொட்டும்போது நான் ஒரு காரியத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் விட்டது ஒரு சிறு செம்புத் தண்ணீர். ஏழு செம்பையும் ஒரு வாளியில் சேர்த்து வைத்திருந்தார்கள். வாளியில் பாதிகூட நிரம்பவில்லை. அதைக் கொண்டே வாசலைக் கழுவிவிட்டார்கள். அந்த அரை வாளித் தண்ணீருக்குத்தான் நான் கணக்குப் பார்த்தேன், பிரியமானவர்களே. என் கணவரின் உயிரை அந்த அரை வாளியோடு நிறுத்துப் பார்த்தேன் என்று அன்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "தண்ணியில்லாத நாள்ல கற்றாழையத் தொடாத. அவ்வளவுதான் பிள்ளே" என்றார்கள்.

எவ்வளவு, எப்படி உண்பது?

எங்கள் வீட்டில் மோரோடு உண்பதே வழக்கம். கழுவிய துண்டுகள் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு டம்ளர் மோர், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு ஆகியவைகளைச் சேர்த்து அடித்தால் ஒருவருக்குப் போதும். கோடைக்கு இதமாயிருக்கும். முதல்முறை உண்கிறவர்கள் ஒரு தேக்கரண்டி மட்டும் உண்டு, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ, வயிற்று வலியோ, பேதியோ கண்டால் அது உங்களுக்கானது அல்ல. நானும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் உண்பதில்லை. மாதக்கணக்கில் தினந்தோறும் உண்பதுமில்லை.

ராஜஸ்தான் மக்கள் இதைக் கறியாகவே சமைக்கிறார்கள். துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டு, பின்பு தாளிப்பார்கள். எங்கள் பழைய தெருவிலிருந்த மார்வாடி அம்மா ஒருமுறை கொடுத்தனுப்பியதைச் சாப்பிட்டிருக்கிறேன். மொழி வேறு, ஊர் வேறு. தண்ணீரை இறுத்துக் கொட்டும் ஞானம் இரண்டு இடத்திலும் ஒன்றாயிருக்கிறது.

கழுவிய சோறு சீக்கிரத்தில் கெட்டுப்போகும். மன்னாவைப்போல அன்றன்றைக்கு எடுப்பதே நல்லது. மிஞ்சினால் மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். நிறம் மாறினாலும் புளித்த வாடை வந்தாலும் கொட்டிவிடுங்கள். கடையில் சாறு வாங்குகிறவர்கள், உள் சோற்றிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டதா, அலோயின் நீக்கப்பட்டதா என்பதைச் சீட்டில் பார்த்து வாங்குங்கள்.

யார் உண்ணக்கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் வெட்டிச் சமையலறையில் ஒட்டிவைத்தாலும் எனக்குச் சந்தோஷமே.

கர்ப்பவதிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கற்றாழையை உட்கொள்ள வேண்டாம். மஞ்சள் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள், குடல் புண்ணும் குடல் அழற்சியும் உள்ளவர்கள், காரணம் தெரியாத வயிற்று வலி உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். நீர் மாத்திரையோ, டிகாக்ஸினோ சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். என் வீட்டில் நடந்தது போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். மலச்சிக்கல் நீடித்தால் அதற்கும் மருத்துவரையே பாருங்கள். இதை நான் அன்று செய்திருந்தால், குறைந்த தண்ணீர் குடிப்பவருக்கு ஏற்ற மருந்தை அவர்களே கொடுத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். மருத்துவர் "வேறென்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், கஷாயமானாலும் இலையானாலும், ஜெபக்கூட்டத்தில் யாரோ சொன்ன கைவைத்தியமானாலும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம்மில் அநேகர் மாத்திரையை மட்டுமே மருந்து என்று எண்ணுகிறோம். உடம்பு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாய்வழியே போன யாவற்றுக்கும் அது கணக்கு வைக்கிறது.

என் கணவர் அதற்குப் பின்பு பதினொரு ஆண்டுகள் எங்களோடிருந்து, பிள்ளைகளின் கல்யாணத்தையும் பார்த்து, 2017ஆம் ஆண்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கற்றாழையை அவர் மறுபடியும் தொடவில்லை. நான் எனக்காக மோர் அடிக்கும்போதெல்லாம் அடுக்களை வாசலில் வந்து நின்று, அத்தையைப்போலவே குரலை மாற்றி, "எத்தனை தண்ணி விட்ட பிள்ளே?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் என்னைக் குற்றப்படுத்திக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அத்தையும் இப்போது இல்லை. தாராவியை விட்டு நாங்களும் வந்துவிட்டோம். இந்த வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் கற்றாழையைக் கழுவ உட்காரும்போது நான் குழாயைத் திறந்துவிடுவதில்லை. வாளியும் செம்புமாக உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணியே ஊற்றுகிறேன். சென்ற கோடையில் என் மருமகள் பக்கத்தில் வந்து நின்று, "எதற்கு அத்தை இவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டாள்.

"இங்கே வந்து உட்கார், மகளே" என்றேன்.